கன்னித்திரை: கொஞ்சம் திரையை விலக்குவோமா?

தலைப்பைப் படித்ததும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டீர்கள்தானே? பரவாயில்லை. அவருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் அவரும் படித்துக்கொள்வார், பாவம்.

நாமெல்லாம் படித்தவர்கள். பி.காம்., பி.எஸ்ஸி., பி.ஈ. என்று பெயருக்குப் பின்னால் கூட்ஸ் வண்டி மாதிரி எழுத்துக்களைக் கோத்துக்கொண்டவர்கள். சம்பளத்தில் பி.எஃப். எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பைசா சுத்தமாகச் சொல்வோம். ஆனால் நாளைக்கு நம்மோடு குடித்தனம் நடத்தப் போகிற பெண்ணின் உடம்பைப் பற்றி யாராவது கேட்டால்? மேன்ஷனில் பக்கத்து ரூம் அண்ணன் சொன்னதை ஒப்பிப்போம். அந்த அண்ணனுக்குச் சொன்னது, அதே ரூமில் அவருக்கு முன்னால் குடியிருந்த அண்ணன். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வந்தபோது வாத்தியார், "இதை நீங்களே வீட்ல படிச்சுக்குங்கடா" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார். நாமும் சமர்த்தாகப் படித்தோம், படத்தை மட்டும்.

மிச்சத்தை சினிமா கற்றுக்கொடுத்தது. பால் சொம்பு, மல்லிகைப்பூ, அணைகிற விளக்கு, ஒன்றையொன்று உரசும் இரண்டு ரோஜாப்பூ, மறுநாள் காலையில் கலைந்த பொட்டு. ஆக, வெள்ளித்திரையில் படித்ததை வைத்துக்கொண்டுதான் நம்மில் பல பேர் கன்னித்திரை பற்றி முடிவு கட்டியிருக்கிறோம்.

அந்த முடிவு என்ன? 'பெண்ணின் பிறப்புறுப்பை ஒரு சவ்வு திரை போட்டு மூடியிருக்கும். முதல் உடலுறவில் அது கிழியும். கிழிந்தால் ரத்தம் வரும். ரத்தம் வந்தால் அவள் கன்னி. வராவிட்டால்...' இந்த இடத்தில் பக்கத்து ரூம் அண்ணன் ஒரு பெருமூச்சு விட்டு, அர்த்தத்தோடு மோட்டுவளையைப் பார்ப்பார்.

நாலு வரி. நாலும் தப்பு. நானும் உங்களைப் போல காமர்ஸ் படித்த ஆசாமிதான், டாக்டர் இல்லை. ஆனால் ஒரு கணக்கை வவுச்சரோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கத் தெரியும். வாருங்கள், வரி வரியாக டிக் அடிப்போம்.

முதல் தப்பு பெயரிலேயே!

திரை என்றால் மூடுவது. நாடகத் திரை, ஜன்னல் திரை, எல்லாமே மூடத்தான். அதனால் கன்னித்திரையும் வாசலை மூடிக்கொண்டிருக்கும் என்று நினைத்துவிட்டோம்.

ஒரு சின்னக் கேள்வி. வாசல் முழுக்க மூடியிருந்தால், பெரிய மனுஷி ஆன பெண்ணுக்கு மாதாமாதம் மாதவிலக்கு எந்த வழியாக வெளியே வருகிறது? ஒரே கேள்வியில் திரை கிழிந்துவிட்டது பாருங்கள்.

உண்மையில் அது மூடி அல்ல, விளிம்பு. பிறப்புறுப்பின் வாசலை ஒட்டி, உள்பக்கத்தில், சுற்றி வரும் மெல்லிய சதை மடிப்பு. பாட்டி இடுப்பில் செருகியிருப்பாளே சுருக்குப் பை, அதன் வாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரமெல்லாம் சுருக்கம் சுருக்கமாக மடிந்திருக்கும். நடுவில் வழி இருக்கும். வெற்றிலை எடுக்கப் பாட்டி விரலை விட்டால் விரியும், கையை எடுத்தால் பழையபடி சுருங்கும். பை கிழிந்துவிட்டது என்று எந்தப் பாட்டியும் புலம்பியதில்லை.

கருவில் குழந்தை வளரும்போது, மேலிருந்து இறங்கும் ஒரு பாதையும் கீழிருந்து ஏறும் ஒரு பாதையும் சந்திக்கிற இடம் இது. சாதாரணமாகப் பிறப்பதற்கு முன்பே நடுவில் வழி திறந்துவிடும். திறந்த பிறகு ஓரத்தில் மிஞ்சிய சதைதான் இந்த மடிப்பு. கட்டடம் கட்டி முடித்த பின் வாசல் நிலையில் நிற்கிற சிமென்ட் விளிம்பு மாதிரி. அதைக் 'கற்பைக் காக்க ஆண்டவன் போட்ட பூட்டு' என்பதெல்லாம் நாமாக எழுதிக்கொண்ட வசனம். குதிரைக்கும் இந்தச் சவ்வு உண்டு. எந்த ஆண் குதிரையும் மறுநாள் காலையில் வைக்கோலைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

ஆங்கிலத்தில் இதை ஹைமன் என்கிறார்கள். கிரேக்க மொழியில் அதற்கு சவ்வு என்றுதான் அர்த்தம். எறும்பு, தேனீ, குளவி வகையறாவுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரிலும் இதே வார்த்தை உண்டு, சவ்வு மாதிரி மெல்லிய சிறகு இருப்பதால். கிரேக்கர்களின் கல்யாணக் கடவுளுக்கும் ஹைமன் என்றே பெயர். சவ்வும் கல்யாணமும் ஒரே பெயரில் மாட்டிக்கொண்டதும் குழப்பத்துக்குக் கேட்க வேண்டுமா!

இத்தனைக்கும் இரண்டாம் நூற்றாண்டிலேயே சொரேனஸ் என்ற கிரேக்க மருத்துவர், வாசலை மூடிக்கொண்டு குறுக்கே ஒரு சவ்வு இருப்பதாகச் சொல்வது தப்பு என்று எழுதிவைத்துவிட்டார். பக்கத்து ரூம் அண்ணனுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

ஆளுக்கு ஒரு டிசைன்

நம் மூக்கெல்லாம் ஒரே மாதிரியா இருக்கிறது? இதுவும் அப்படித்தான். சிலருக்கு மோதிரம் மாதிரி முழு வட்டம். பலருக்கு மூன்றாம் பிறை மாதிரி கீழ்ப்பக்கம் மட்டும். சிலருக்கு விளிம்பு பூவிதழ் போல வளைந்து வளைந்து, இயற்கையாகவே வெட்டுகளோடு இருக்கும். அபூர்வமாகச் சிலருக்கு நடுவில் ஒரு பட்டை ஓடி வழி இரண்டாகப் பிரிந்திருக்கும். இன்னும் சிலருக்குச் சல்லடை மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகள்.

ஒரே பெண்ணுக்கும் அது கடைசி வரை ஒரே மாதிரி இருப்பதில்லை. பிறந்த குழந்தைக்கு, அம்மாவிடமிருந்து வந்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் தடிப்பாக இருக்கும். சிறுமியாக வளரும்போது மெலிந்துவிடும். வயதுக்கு வரும்போது அவளுடைய ஈஸ்ட்ரோஜனே சுரக்க ஆரம்பிக்க, மறுபடி தடித்து, மெத்தென்று, நன்றாக இழுபடும் தன்மையோடு மாறிவிடும். அதாவது கல்யாண வயதில் இருக்கிற பெண்ணுக்கு அது ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கக்கூடியது. அப்பளம் மாதிரி நொறுங்கக்கூடியது இல்லை.

'சில பெண்களுக்குப் பிறவியிலேயே கன்னித்திரை இருக்காதாமே?' என்று நல்ல எண்ணத்தோடு சொல்பவர்களும் உண்டு. 1987ல் அமெரிக்க டாக்டர்கள் பிறந்த பெண் குழந்தைகள் 1,131 பேரைப் பரிசோதித்து வெளியிட்டார்கள். ஒரு குழந்தைக்குக்கூட அது இல்லாமல் இல்லை. இருக்கிறது, விதம் விதமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

"அப்போ ரத்தம் சார்?"

வந்தீர்களா வழிக்கு! இந்தக் கேள்விக்காகத்தானே இவ்வளவு தூரம் பொறுமையாகப் படித்தீர்கள்.

சிலருக்கு வரும். நிறையப் பேருக்கு வராது. இரண்டுமே இயல்பு. 1998ல் பிரிட்டனில் ஒரு பெண் மகப்பேறு மருத்துவர், தன்னோடு வேலை பார்த்த பெண்கள் 41 பேரிடம் கேட்டு ஒரு மருத்துவப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். முதல் தடவை ரத்தமே வரவில்லை என்றவர்கள் 63 சதவிகிதம். சின்னக் கணக்கெடுப்புதான், ஊர் உலகத்துக்கெல்லாம் இதே சதவிகிதம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 'எல்லோருக்கும் வரும்' என்ற பேச்சைக் குப்பைக் கூடையில் போட இந்த 41 பேர் போதும்.

அந்த மடிப்பில் ரத்தக்குழாய்களே குறைவு. சரி, வருகிறவர்களுக்கு ஏன் வருகிறது? பெரும்பாலும் அவசரத்தால். பெண்ணின் உடம்பு தயாராவதற்கு முன்பே, வழவழப்பு சுரப்பதற்கு முன்பே, பயத்தில் தசைகள் இறுகியிருக்கும்போதே ஐயா எக்ஸ்பிரஸ் வண்டி மாதிரி கிளம்பிவிடுகிறார். உரசலில் அந்த மடிப்பிலோ, பக்கத்துச் சுவரிலோ லேசாகச் சிராய்த்து இரண்டு சொட்டு ரத்தம் வருகிறது. ரத்தம் வந்ததற்கு மாப்பிள்ளை மீசையைத் தடவிக்கொள்கிறார். உண்மையில் அது அவருடைய அவசரத்துக்குக் கிடைத்த ரசீதாகவும் இருக்கலாம். பெண்ணின் நடத்தைக்கான சர்ட்டிபிகேட் அதில் எங்கேயும் இல்லை.

"சைக்கிள் ஓட்டினா கிழிஞ்சிடுமாமே?"

இது முற்போக்கு அண்ணன்களின் டயலாக். "டேய், இப்பல்லாம் பொண்ணுங்க சைக்கிள் ஓட்டறாங்க, ஸ்கூட்டி ஓட்டறாங்க, டான்ஸ் ஆடறாங்க. அதுலயே போயிடும்டா. சந்தேகப்படாதே!"

நல்ல மனசு. ஆனால் பாதி உண்மை. சைக்கிள் ஓட்டுவது, ஓடுவது, பரதநாட்டியம் ஆடுவது, மாதவிலக்குக்கு டாம்பூன் வைப்பது, இதிலெல்லாம் சாதாரணமாக அதற்கு ஒன்றும் ஆவதில்லை. சைக்கிள் பாரில் தொப்பென்று விழுந்தால்கூட அடி பெரும்பாலும் வெளிப்பக்கம்தான் படும். எப்போதாவது கூரான எதன் மீதாவது விழுந்து உள்ளே காயம் படலாம். அது விபத்து, தினசரி நடக்கிற சமாசாரம் அல்ல.

அண்ணனின் வாதத்தில் இன்னொரு வம்பு இருக்கிறது. 'முழுசாக இருந்தால் ஒழுக்கம், கிழிந்தால் விளக்கம் தர வேண்டும்' என்ற பழைய சட்டத்தை அவர் அப்படியே ஒப்புக்கொண்டுவிட்டு, சைக்கிளுக்கு மட்டும் ஜாமீன் வாங்குகிறார். அப்படியானால் சைக்கிளே ஓட்டத் தெரியாத பெண் என்ன செய்வாள்? யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவாள்?

டாக்டர் பார்த்தால் தெரியாதா?

தெரியாது சார். பார்த்தாலும் தெரியாது, தொட்டாலும் தெரியாது.

2004ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு இது. பரிசோதிக்கப்பட்டவர்கள் கர்ப்பமாக இருந்த 36 இளம்பெண்கள். உடலுறவு நடந்ததற்கு வயிற்றில் இருக்கும் குழந்தையைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? அந்த 36 பேரில், அந்த இடத்தைப் பார்த்து 'ஆமாம், நடந்திருக்கிறது' என்று மருத்துவர்களால் உறுதியாகச் சொல்ல முடிந்தது இரண்டே இரண்டு பேர் விஷயத்தில்தான். மற்ற 34 பேர் விஷயத்தில் மருத்துவப் பரிசோதனைக்கே உறுதியான பதில் இல்லை. வாய்க்குள் கன்னத்தைக் கடித்துக்கொண்டால் எவ்வளவு சீக்கிரம் ஆறிவிடுகிறது? இதுவும் அதே மாதிரி ஈரமான மென்சதை. சிராய்த்தாலும் சில நாட்களில் ஆறி, பெரும்பாலும் தழும்புகூட இல்லாமல் போய்விடும். இன்னும் பலருக்குக் காயமே ஆகாமல் வெறுமனே விரிந்து கொடுத்திருக்கும்.

ஐநாவின் மனித உரிமை அலுவலகம், ஐநா பெண்கள் அமைப்பு, உலக சுகாதார நிறுவனம் மூன்றும் சேர்ந்து 2018ல் ஓர் அறிக்கை விட்டன. கன்னித்தன்மை என்பது மருத்துவச் சொல்லே அல்ல, அதைக் கண்டுபிடிக்க எந்தப் பரிசோதனையும் கிடையாது, அப்படிச் செய்வதை எல்லா நாடுகளும் நிறுத்த வேண்டும் என்று. பத்து வருஷம் படித்த ஸ்பெஷலிஸ்டே முடியாது என்கிறார். 'எனக்குப் பார்த்தாலே தெரிஞ்சிடும், நடையை வெச்சே சொல்லிடுவேன்' என்று டீக்கடையில் அடித்துவிடுகிற ஆசாமிக்கு எதைச் சொல்ல? டீக்குக் காசையும் அவரையே கொடுக்கச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பன்னிரண்டு நாள்

சிரித்ததெல்லாம் போதும். இந்த அறியாமைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று கொஞ்சம் பார்ப்போம்.

முன்பு நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு நண்பர். தங்கமான மனுஷர். சிகரெட் கிடையாது, சீட்டு கிடையாது, ஞாயிற்றுக்கிழமை ஆனால் அம்மாவுக்கு லெட்டர். கல்யாணத்துக்கு லீவு போட்டுப் போனவர், மாப்பிள்ளைக் களையே இல்லாமல் திரும்பி வந்தார். டிபன் பாக்ஸைத் திறப்பார், இரண்டு வாய் சாப்பிடுவார், மூடிவிடுவார். ஒரு நாள் மாடிப்படியில் வைத்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "உனக்கு யாராவது நம்பிக்கையான டாக்டர் தெரியுமா?"

விஷயம் இதுதான். முதலிரவில் ரத்தம் வரவில்லை. அவரும் வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை, திட்டவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திவிட்டார். பன்னிரண்டு நாளாக 'சாப்பாடு போடு', 'கதவைச் சாத்திக்கோ' தவிர அந்த வீட்டில் வார்த்தையே இல்லை.

வயதான ஒரு லேடி டாக்டரிடம் போனோம். முழுக்கக் கேட்டுவிட்டு, மருந்துச் சீட்டைத் திருப்பி அதன் பின்பக்கம் ஒரு வட்டம், ஒரு பிறை, ஒரு பூ வரைந்து பாடம் எடுத்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றியபடி, "உங்களுக்கு இருபத்தொன்பது வயசு. நீங்க கல்யாணத்துக்கு முன்னாடி எப்படின்னு உங்க சம்சாரம் எங்கே போய் டெஸ்ட் எடுப்பாங்க தம்பி?" என்றார். நண்பர் மின்விசிறியைப் பார்த்தார். நானும் ஒரு துணைக்கு மின்விசிறியைப் பார்த்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே அவர் மனைவியிடம் மனசுவிட்டுப் பேசிவிட்டார். பல நாள் கழித்து அவர் என்னிடம் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. அந்தப் பன்னிரண்டு நாளும் அந்தப் பெண், தன் நிறம் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். அப்பாவுக்குத் தெரிந்தால் உடைந்துபோவார் என்று ஊருக்குப் போன் பண்ணிய போதெல்லாம் 'நல்லா இருக்கேம்ப்பா' என்றே சொல்லியிருக்கிறாள்.

இந்தக் கதை டாக்டரோடு நல்லபடியாக முடிந்தது. டாக்டரிடம் போகாத வீடுகளில் அந்தப் பன்னிரண்டு நாள் இருபது வருஷமாக நீள்கிறது. சண்டை வரும்போதெல்லாம் 'உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?' என்ற ஒரே வரியில் அது வெளியே வரும். எதைச் சொல்கிறான் என்றே அவளுக்குப் புரியாது.

ஹீத்ரோவில் ஒரு டீச்சர்

இது வீட்டுக்குள் மட்டும் நடக்கிற கூத்து அல்ல, அரசாங்கங்களும் ஆடியிருக்கின்றன. 1979 ஜனவரியில் நம் நாட்டிலிருந்து 35 வயது ஆசிரியை ஒருவர், தனக்கு நிச்சயமானவரைக் கல்யாணம் செய்துகொள்ள லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் போய் இறங்கினார். கல்யாணம் செய்துகொள்ள வருகிற பெண்ணுக்கு அப்போது விசா தேவையில்லை. அங்கிருந்த அதிகாரிகளுக்குச் சந்தேகம். 'இந்தியக் கல்யாணப் பெண் என்றால் கன்னியாகத்தானே இருக்க வேண்டும்?' என்று, ஓர் ஆண் டாக்டரை வைத்து அவரைச் சோதனை போட்டார்கள். செய்தி பத்திரிகையில் வந்து இரண்டு நாட்டிலும் கொதித்த பிறகே அந்த வழக்கம் நின்றது. பின்னாளில் ஆய்வாளர்கள் பழைய ஃபைல்களைத் தோண்டியபோது, இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் அலுவலகங்களிலும் இது நடந்ததும், குறைந்தது 80 பெண்களாவது இந்த அவமானத்துக்கு ஆளானதும் 2011ல் வெளியே வந்தது. நம் ஊர் மூடநம்பிக்கையை வெள்ளைக்காரன் விசா முத்திரையாகப் பயன்படுத்திக்கொண்டான்.

நம் ஊரிலும் பலாத்காரத்துக்கு ஆளான பெண்களுக்கு 'இரு விரல் சோதனை' என்று ஒன்றைச் செய்து, அதை வைத்து அவளுடைய யோக்கியதையைக் கோர்ட்டில் அலசிக்கொண்டிருந்தார்கள். அது அந்தப் பெண்ணின் அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2013ல் சொன்னது. அப்படியும் நிற்கவில்லை. 2022 அக்டோபர் 31ல் நீதிபதிகள் சந்திரசூட், ஹிமா கோஹ்லி அமர்வு, இனி இந்தச் சோதனையைச் செய்பவர் தவறான நடத்தைக்குக் குற்றவாளி என்று அறிவித்தது. மருத்துவப் பாடத்திலிருந்தே அதை எடுக்கச் சொன்னது. பலாத்காரச் சட்டத்தில் கன்னித்திரை கிழிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. கிழியாததால் குற்றமே நடக்கவில்லை என்று யாராவது வாதாடினால், மேலே சொன்ன 36 பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கணவன்மார்களுக்கென்றே ஒரு தீர்ப்பும் இருக்கிறது. தன் மனைவிக்குக் கன்னிப் பரிசோதனை நடத்த வேண்டும் என்று ஒருவர் கோர்ட் படி ஏறினார். 2025ல் சத்தீஸ்கர் உயர் நீதிமன்றம், அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு ஒரு பெண்ணுக்குத் தரும் கண்ணியத்துக்கு அது விரோதம் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பியது.

இதற்கு நேர் எதிராக ஒரு நல்ல செய்தியும் உண்டு. மகாராஷ்டிராவில் ஒரு சமூகத்தில் முதலிரவு அறையில் வெள்ளைத் துணி விரித்து, மறுநாள் பஞ்சாயத்தில் காட்டுகிற வழக்கம் இருந்தது. அதை எதிர்த்து 2018ல் குரல் கொடுத்தவர்கள் அதே சமூகத்து இளைஞர்கள், கல்யாணம் ஆகப் போகிற மாப்பிள்ளைகள் உட்பட. 'எங்களுக்கு இந்தத் துணி வேண்டாம்' என்றார்கள். அடுத்த வருஷமே, இப்படிச் சோதிப்பது தண்டனைக்குரிய குற்றமாகக் கருதப்படும் என்று அந்த மாநில அரசு சொல்ல வேண்டியதாயிற்று.

போலி பில்

கணக்கு எழுதுகிறவனுக்குத் தெரியும், போலி பில் எப்போது முளைக்கும் என்று. செலவுக்கு பில் கொண்டு வா என்று கறாராகக் கேட்கும்போதுதான். ரத்தம் கேட்டால்? அதற்கும் கடை திறந்துவிட்டார்கள். சிவப்புத் திரவம் வைத்த செயற்கைக் கன்னித்திரை என்று ஒரு சரக்கு சந்தைக்கு வந்து, 2009ல் எகிப்தில் அதைத் தடை செய்யச் சொல்லி பெரிய ரகளையே நடந்தது. தையல் போட்டு 'ரிப்பேர்' செய்கிற ஆபரேஷனுக்கும் பணம் வாங்குகிறார்கள். பிரிட்டன் 2022ல் கன்னிப் பரிசோதனை, இந்த ஆபரேஷன் இரண்டையும் சேர்த்தே சட்டவிரோதம் ஆக்கியது. ஆக, ரத்தம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிற மாப்பிள்ளைதான் சுலபமாக ஏமாற்றப்படக் கூடியவர். அவருக்கு உண்மை வேண்டாம், பில் போதும்.

ஸ்வீடனில் பாலியல் கல்விக்காக வேலை செய்யும் ஓர் அமைப்பு 2009ல் கோளாறு எங்கே என்று சரியாகக் கண்டுபிடித்தது. அவர்கள் மொழியிலும் இதற்குக் கன்னிச்சவ்வு என்கிற மாதிரிதான் பெயர். அதை மாற்றி, வளையம் அல்லது மகுடம் என்று அர்த்தம் வருகிற புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். தமிழில் நாமும் 'வாசல் மடிப்பு' என்றோ என்னவோ வைத்துக்கொண்டால், கன்னி என்ற பாரமும் திரை என்ற பொய்யும் ஒரே நாளில் கழன்றுவிடும்.

பெண் குழந்தையின் அப்பாக்களுக்கு மட்டும்

கல்யாணம் ஆகி மகள் இருக்கிறவர்கள் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம். சில ஆயிரம் பெண்களில் ஒருவருக்கு இந்த மடிப்பு பிறவியிலேயே உண்மையாகவே முழுக்க மூடியிருக்கும். அந்தப் பெண்ணுக்கு வயது வந்தும் மாதவிலக்கு வெளியே வராது. ஆனால் மாதம் தவறாமல் அடிவயிற்றில் வலி வரும். ரத்தம் உள்ளேயே தேங்கி, சில சமயம் சிறுநீர் கழிக்கக்கூட முடியாமல் போகும். சூட்டு வலி என்று வெந்தயத்தைக் கொடுத்துக்கொண்டு இருக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சின்ன ஆபரேஷன், சரியாகிவிடும். 'கன்னித்திரையில் கை வைத்தால் நாளைக்குக் கல்யாணம் எப்படி?' என்று தள்ளிப்போடுகிற அப்பாவாக மட்டும் இருந்துவிடாதீர்கள்.

தேதி குறித்துவிட்டவர்களுக்கு

பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டு இதைப் படிக்கிற தம்பிகளே, உங்களுக்குக் கடைசியாக நாலு வார்த்தை.

முதல் நாளே எல்லாம் நடந்தாக வேண்டும் என்று எந்த ஜோசியரும் நாள் குறிக்கவில்லை. இரண்டு பேரும் மூன்று நாளாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள். ஹோமப் புகையில் கண் எரிந்துகொண்டிருக்கும். பேசிக்கொண்டிருந்துவிட்டுத் தூங்கினாலும் குடி முழுகாது. அவள் சரி என்று மனசாரச் சொன்ன பிறகு, நிதானமாக. வலிக்கிறது என்றாள் என்றால் நிறுத்திவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது அவள் கடமை இல்லை. பல நாள் ஆகியும் வலி தீரவில்லை என்றாலோ, பயத்தில் உடம்பு தானாகவே இறுகிக்கொள்கிறது என்றாலோ, ரத்தம் நிற்காமல் போகிறது என்றாலோ டாக்டரிடம் போங்கள். இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். மருத்துவம் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு, 'அதெல்லாம் சரி சார், ஆனாலும் அவளோட பாஸ்ட் எனக்குத் தெரியணுமே' என்று ஒரு குரல் உள்ளேயிருந்து கேட்டால், அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி வாயால் கேட்பது. கேட்பதற்கு முன்னால் அதே கேள்விக்கு உங்கள் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அவளும் கேட்பாள், கேட்க வேண்டும். பதில் சொல்ல இஷ்டமில்லை என்றால் சொல்லாமல் இருக்கிற உரிமையும் இரண்டு பேருக்கும் சமம்.

அப்புறம், முதலிரவுக் கட்டிலுக்குப் பெட்ஷீட் வாங்கப் போகும்போது வெள்ளையைத் தவிர்த்துவிடுங்கள். நல்ல பூப்போட்ட பெட்ஷீட்டாக, துவைக்க ஈஸியாகப் பார்த்து வாங்குங்கள். எப்படியும் அடுத்த வாரத்திலிருந்து அதைத் துவைக்கப் போகிறவர் நீங்களாகவும் இருக்கலாம்!